ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்துவது: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

சென்ற பதிவில் 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கணினிக்குள் சிக்கிய விட்டில் பூச்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பூச்சியை நோட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். 'பக்' என்ற சொல் அதற்கும் முன்பே இருந்தது, எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்றும் சொல்லியிருந்தேன். பூச்சிக் கதையில் ஒரு வசதி உண்டு. பூச்சி கண்ணுக்குத் தெரியும், எடுத்து வெளியே போட்டால் வேலை முடிந்தது. புரோகிராமில் இருக்கும் தப்பு அப்படிக் கண்ணில் படாது. புரோகிராம் ஓடி முடித்துவிட்டு ஒரு தப்பான விடையை நீட்டும். தப்பு முதல் வரியில் நடந்ததா, நாற்பதாவது வரியில் நடந்ததா என்று விடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும். அப்படி நிறுத்தும் இடத்துக்குத்தான் 'பிரேக்பாயின்ட்' என்று பெயர்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே வாலாஜா தாண்டி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை டேனரியில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு குறைவு. தோலும் குரோமியக் கரைசலும் போட்டு டிரம் மணிக்கணக்கில் சுற்றும். அனுபவம் உள்ள மேஸ்திரி எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டார். நடுவில் டிரம்மை நிறுத்தி, கதவைத் திறந்து, தோலின் தடித்த பாகத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டுவார். வெட்டுவாயில் நீலம் நடுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருண்டு போனால் இன்னும் பதம் வரவில்லை, கதவை மூடி மறுபடி சுற்ற விடுவார். மொத்தத் தோலும் வெளியே வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

டிரம்மை நிறுத்த பத்து நிமிடம் போதும். கணினியை நிறுத்துவது ஒரு காலத்தில் அவ்வளவு மலிவாக இல்லை. இந்த வரலாறே நிறுத்துவதற்கு ஆகும் செலவின் வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் நிறுத்தலாம், எத்தனை தடவை நிறுத்தலாம், நிறுத்தினால் யாருடைய நேரம் வீணாகும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு பதில் கிடைத்தது.

முதலில் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப் போரின்போது கட்டத் தொடங்கிய எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. எடை சுமார் 30 டன். பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று கணக்கிடுவது அதன் வேலை. கையால் ஒரு பாதையைக் கணக்கிட ஒருவருக்கு 30, 40 மணி நேரம் பிடிக்கும். எனியாக் 20 விநாடியில் முடித்தது. இதற்குப் புரோகிராம் அமைக்க 1945-ல் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். பயிற்சிப் புத்தகம் எதுவும் கிடையாது. மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, எந்திரத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

எனியாக்கில் புரோகிராம் என்பது எழுதுவது அல்ல, செருகுவது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒயர் போட்டால், முதல் வேலை முடிந்ததும் அந்த ஒயர் வழியாகத் துடிப்பு போய் இரண்டாவது வேலையைத் தொடங்கி வைக்கும். அப்படியானால் கணக்கை ஓரிடத்தில் நிறுத்த என்ன செய்ய வேண்டும்? அந்த இடத்து ஒயரைப் பிடுங்கினால் போதும். துடிப்பு அதற்கு மேல் போகாது. எந்திரம் அப்படியே நிற்கும். பெட்டிகளின் முகப்பில் சின்ன விளக்குகள் எரியும், எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம். சரியாக இருந்தால் ஒயரை மறுபடி செருகி மேலே போகலாம். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் பெட்டி ஸ்னைடர் என்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு பெட்டி ஹோல்பர்டன் என்று அறியப்பட்டவர். ஒயரை எடுத்து ஓட்டத்தை 'முறித்த' இடம்தான் பிரேக்பாயின்ட். இன்று திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாகப் பிள்ளைகள் வைப்பது அன்று ஒரு பெண் கையால் பிடுங்கிய ஒயர்.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு, அதுவும் நிற்பதைப் பற்றியதுதான். 1946 பிப்ரவரி 15 அன்று எனியாக்கைப் பெரிய மனிதர்கள் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தின இரவு வரை ஒரு கோளாறு தீரவில்லை. குண்டு தரையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்காமல், பூமிக்குள் தோண்டிக்கொண்டு போவதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டி வீட்டுக்குப் போய்த் தூங்கினார். காலையில் வந்து நேராக ஒரு குறிப்பிட்ட சுவிட்சைப் போய் மாற்றினார். கணக்கு சரியான இடத்தில் நின்றது. விழா சிறப்பாக நடந்தது. அன்று இரவு நடந்த விருந்துக்கு இந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை. படங்களில் எந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெண்களைக் காட்சிக்கு நிறுத்திய மாடல்கள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். கேத்தி கிளைமன் என்ற மாணவி 1980-களில் அந்தப் பெயர்களைத் தேடிப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 1997-ல் ஹோல்பர்டனுக்கு விருதுகள் கிடைத்தன. 2001-ல் காலமானார். இதே பெண் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கப் போகலாமே என்று ஒரு கணிதப் பேராசிரியர் சொன்னாராம். கணித ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சரி, எனியாக்கில் கிடைத்த வசதி அடுத்து வந்த எந்திரங்களில் வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. 1950-களில் கணினி பெரிய வியாபாரமானது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர். அதன் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, நடுவில் நிறுத்தி, தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தால் அத்தனை பணமும் கரையும். எனவே புரோகிராம் எழுதியவரை எந்திரத்தின் அருகிலேயே விடவில்லை. கார்டில் துளையிட்டு, கட்டுக் கட்டி, ஜன்னலில் கொடுக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தாளில் விடை வரும். தப்பாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, கார்டை மாற்றி, மறுபடி ஜன்னல். நிறுத்திப் பார்க்கும் பேச்சே இல்லை.

நம் ஊருக்குக் கணினி வந்தது இந்த வடிவத்தில்தான். ஐஐடி கான்பூருக்கு 1963-ல் ஐபிஎம் 1620 வந்தது. சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஐபிஎம் 370 வந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை எஞ்சினியர்கள் கார்டு கட்டும் கையுமாகத்தான் புரோகிராமிங் கற்றார்கள். அவர்கள் ஒரு வரி எழுதுவதற்கு முன் பத்து முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். அது அருமையான பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் தங்கியிருக்கிறது. 'அவுட்புட்' வந்ததா, மதிப்பெண் உண்டு. வரவில்லையா, நோட்டைப் பார்த்துத் திருத்து. தப்பு எங்கே பிறந்தது என்று ஓட்டத்தை நிறுத்திக் காட்டச் சொல்லும் செய்முறைத் தேர்வை நான் பார்த்ததில்லை. மேஜையில் முழுக் கணினி இருக்கிறது, பழக்கம் மட்டும் கார்டு காலத்தது.

இந்தப் பூட்டு திறந்த இடம் எம்ஐடி. திறந்தவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்கார்த்தி. இவர் 1958-ல் லிஸ்ப் என்ற மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். 1959-ன் தொடக்கத்திலேயே இன்னொரு யோசனையையும் எழுதி வைத்தார். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டால் என்ன? ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்திரம் இன்னொருவர் வேலையைச் செய்யட்டும். 1961 நவம்பரில் கோர்பட்டோ என்பவர் அதைச் செய்து காட்டினார். இதன் பொருளைக் கவனியுங்கள். நான் என் புரோகிராமை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் முழித்துக்கொண்டிருந்தாலும் எந்திரம் சும்மா இருக்காது, பக்கத்து ஆளுக்கு வேலை செய்யும். நிறுத்துவதன் விலை சட்டென்று இறங்கிவிட்டது.

அதே எம்ஐடியில் சின்ன கணினிகள் சிலவும் இருந்தன, மாணவர்கள் இரவில் உட்கார்ந்து விளையாட அனுமதி உண்டு. அங்கே 1960 வாக்கில் டிஎக்ஸ்-0 என்ற எந்திரத்துக்கு ஜாக் டென்னிஸ், தாமஸ் ஸ்டாக்ஹாம் இருவரும் ஒரு பிழைபிடிக்கும் புரோகிராம் எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் ஃபிளிட். என் வயதுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். நம் வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு அடித்த பம்பு ஞாபகம் இருக்கிறதா, அதே ஃபிளிட்! அடுத்து பிடிபி-1 எந்திரத்துக்கு வந்ததன் பெயர் டிடிடி. அதுவும் பூச்சி மருந்துதான். இவற்றில் பிரேக்பாயின்ட் வைக்கும் முறை புத்திசாலித்தனமானது. நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் 'என்னிடம் வா' என்ற கட்டளையை வைப்பது. ஓட்டம் அங்கே வந்ததும் பிழைபிடிப்பான் கையில் சிக்கும். பார்த்து முடித்ததும் பழைய கட்டளையைத் திருப்பி வைப்பது. இன்றைக்கும் பல பிழைபிடிப்பான்களில் அடிப்படை இதுதான்.

ஆனால் அது எந்திர மொழி. இத்தனையாவது முகவரியில் நிறுத்து என்று எண்ணில் சொல்ல வேண்டும். நான் எழுதிய வரியில், அந்த வரிக்குள்ளும் இந்த அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் நிறுத்து என்று சொல்ல முடிவதற்கு லிஸ்பின் தன்மை உதவியது.

லிஸ்பில் எல்லாமே அடைப்புக்குறிதான். முதலில் செய்ய வேண்டிய வேலை, பிறகு பொருள்கள். தமிழில் எழுதினால், (கூட்டு 2 (பெருக்கு 3 4)) என்று இருக்கும். உள்ளே இருப்பது முதலில் முடிந்து 12 ஆகும், வெளியே 14. இதில் ஒரு விசேஷம். புரோகிராமும் ஒரு பட்டியல், அது கையாளும் தகவலும் ஒரு பட்டியல். எனவே ஒரு லிஸ்ப் புரோகிராம் இன்னொரு லிஸ்ப் புரோகிராமைக் கையில் எடுத்து, நடுவில் ஒரு அடைப்புக்குறியைச் செருகித் திருப்பிக் கொடுக்க முடியும். மெக்கார்த்தி இதை ஒரு கணிதக் கருத்தாகத்தான் எழுதினார். ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞர் அதைப் படித்துவிட்டு, இதை எந்திரத்தில் அப்படியே ஓட விடலாமே என்று ஐபிஎம் 704-ல் கையால் எழுதிக் காட்டினார். மெக்கார்த்திக்கே ஆச்சரியம். 1960 ஏப்ரலில் வெளியான மெக்கார்த்தியின் கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

செருகும் வேலையைக் கலையாக்கியவர் வாரன் டைடல்மன். மார்வின் மின்ஸ்கியிடம் ஆராய்ச்சி செய்து 1966-ல் எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வின் பெயர் பைலட். அதில் 'அட்வைஸ்' என்று ஒரு கருத்தை வைத்தார். ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒரு செயலைத் தொடாமல், அதற்கு முன்னாலும் பின்னாலும் நம் வேலையைச் சேர்ப்பது. வீட்டுக்குள் போகாமல் வாசலில் ஆள் நிறுத்துவதுபோல. உள்ளே போகிறவரை விசாரிக்கலாம், வெளியே வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டுமானால் நிறுத்தியே வைக்கலாம். பிறகு பிபிஎன் நிறுவனத்திலும் 1972 முதல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்திலும் இவர் வளர்த்த லிஸ்பில், ஒரு செயலை 'பிரேக்' செய்தால் அது கூப்பிடப்படும் நொடியில் நின்றுவிடும். நின்ற இடத்தில் நாம் எந்தக் கேள்வியும் கேட்கலாம். 'இப்போது இதன் மதிப்பு என்ன?' 'இதை மாற்றினால்?' 'இந்த விடையை நான் தருகிறேன், நீ மேலே போ' என்றுகூடச் சொல்லலாம். நின்ற இடம் ஒரு பேச்சுவார்த்தை இடமானது. (எழுத்துப் பிழையைத் தானாகத் திருத்தும் வசதியையும் இவரே சேர்த்தார். அது டைடல்மன் செய்யும் பிழைகளை மட்டும்தான் சரியாகத் திருத்துகிறது என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்தார்களாம்.)

இவ்வளவும் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்குள் நடந்தவை. நம் கைக்கு வந்தது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் வழியாக.

ஈமேக்ஸ் என்ற எடிட்டர் 1976-ல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் கையில் பிறந்தது. 1985-ல் ஸ்டால்மன் அதைப் புதிதாக எழுதி, குனு ஈமேக்ஸ் என்று எல்லாருக்கும் இலவசமாக, மூல நிரலோடு, வெளியிட்டார். அடியில் கொஞ்சம் சி மொழி. மேலே இருப்பதில் பெரும்பகுதி லிஸ்ப். நீங்கள் ஒரு சாவியை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு லிஸ்ப் செயல் ஓடுகிறது. அந்தச் செயலையும் நீங்கள் நிறுத்திப் பார்க்கலாம், எடிட்டருக்குள் இருந்துகொண்டே எடிட்டரை! விலைக்கு வாங்கிய மூடிய மென்பொருளில் இதைச் செய்ய முடியாது. நிறுத்தினாலும் உள்ளே படிக்க எழுத்து இருக்காது. மூல நிரலைப் படிக்கும் உரிமை என்று ஸ்டால்மன் பேசியபோது, அது ஏதோ கொள்கைப் பேச்சு என்று பலர் நினைத்தார்கள். பிழை தேடுகிறவனுக்கு அது அன்றாடத் தேவை.

இதில் பிரேக்பாயின்ட் வைப்பதற்காக டேனியல் லாலிபெர்ட் என்பவர் எழுதியதுதான் 'எடிபக்'. 1988-ல் தொடங்கிய வேலை. இன்று ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆசிரியர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

60-க்கு வைத்த தேர்வின் மதிப்பெண்ணை 100-க்கு மாற்ற வேண்டும். ஒரு ஆசிரியர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: (பெருக்கு (வகு மதிப்பெண் 60) 100). ஈமேக்ஸ் லிஸ்பில் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியும், இது கற்பனை அல்ல. கணக்கு சரி. 45 வாங்கிய பிள்ளைக்கு 75 வர வேண்டும். ஓட்டினால் வகுப்பில் எல்லாருக்கும் பூஜ்யம். 60-க்கு 60 வாங்கிய ஒரே பிள்ளைக்கு மட்டும் 100. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எந்திரத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

இப்போது கர்சரை அந்தச் செயலுக்குள் வைத்து, கண்ட்ரோல்-யு அழுத்தி, பிறகு கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எக்ஸ் அழுத்த வேண்டும். எடிபக் அந்தச் செயலைப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொரு அடைப்புக்குறிக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு மாறிக்குப் பின்னும், தன் ஆளைச் செருகிவிடும். உங்கள் எழுத்தில் ஒரு எழுத்துகூட மாறாது, செருகுவதெல்லாம் உள்ளே. அடுத்த முறை அந்தச் செயல் ஓடும்போது முதல் இடத்திலேயே நின்றுவிடும். வரியின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி நிற்கும். ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டினால் ஓர் அடி. 'மதிப்பெண்' என்ற சொல்லைத் தாண்டியதும் திரையின் கீழே 45 என்று காட்டும். சரி. அடுத்து உள் அடைப்புக்குறி மூடும் இடம் தாண்டியதும் கீழே 0 என்று காட்டும். அங்கேயே பிடிபட்டுவிட்டது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈமேக்ஸ் லிஸ்ப் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். 45-ஐ 60-ஆல் வகுத்தால் பூஜ்யம், பூஜ்யத்தை நூறால் பெருக்கினாலும் பூஜ்யம். முதலில் பெருக்கி, பிறகு வகுத்தால் 4500-ஐ 60-ஆல் வகுத்து 75. (47 வாங்கினால் 78.33 வராது, 78 என்று நின்றுவிடும். அந்தத் தசமமும் வேண்டுமென்றால் 60.0 என்று புள்ளி வைத்து எழுத வேண்டும்.)

நாற்பது பிள்ளைகளுக்கும் ஸ்பேஸ் பார் தட்டிக்கொண்டிருக்க முடியாது. நிறுத்த வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து 'பி' அழுத்தினால் அங்கே ஒரு பிரேக்பாயின்ட். 'ஜி' அழுத்தினால் அந்த இடம் வரும் வரை ஓடும். 'யு' அழுத்தினால் பிரேக்பாயின்ட் போய்விடும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 'எக்ஸ்'. அது நிபந்தனை கேட்கும். யாரோ 45-க்குப் பதில் 450 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள், ஒரு பிள்ளைக்கு 750 வருகிறது என்றால், 'மதிப்பெண் 60-ஐத் தாண்டினால் மட்டும் நில்' என்று சொல்லிவிடலாம். மற்ற 39 பேரையும் தொடாமல் விட்டு, அந்தப் பிள்ளையிடம் மட்டும் நிற்கும். நின்ற இடத்தில் 'இ' அழுத்தி எந்த மதிப்பையும் கேட்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது. செயலைத் திருத்திவிட்டு மறுபடி அதே முறையில் ஏற்றினால் வைத்த பிரேக்பாயின்ட்கள் அழிந்துவிடும், புதிதாக வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கண்ட்ரோல்-யு இல்லாமல் அதே சாவிகளை அழுத்தினால் செருகிய ஆட்கள் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள்.

இடையில் அச்சிட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும், எதை அச்சிட வேண்டும் என்று முன்பே தெரிந்தால். தெரியாததால்தானே தேடுகிறோம்?

எடிபக்கில் அந்த அம்புக்குறி இருக்கிறது பாருங்கள், அது கண் உள்ளவர்களுக்கானது. கண் இல்லாதவர் என்ன செய்வார்? இந்த இடத்தில் ஒரு இந்தியர் வருகிறார்.

டி.வி.ராமன் 1965-ல் புனேயில் பிறந்தவர். கிளாக்கோமா காரணமாக 14 வயதில் பார்வை முழுவதும் போனது. புனே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். மும்பை ஐஐடியில் கணினி அறிவியல் முதுகலை. பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, கணிதச் சமன்பாட்டைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி என்பது. பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் வரிசையாக வாசித்தால் எது எதற்கு மேலே இருக்கிறது என்று புரியாது. குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே அந்த அமைப்பைக் காட்டும் ஆஸ்டர் என்ற அமைப்பை லிஸ்பில் எழுதினார். ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட. 1994-ல் அந்த ஆய்வுக்கு, கணினித் துறையில் சிறந்த முனைவர் ஆய்வுக்கான ஏசிஎம் விருது கிடைத்தது. கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டே 'இது பை அது' என்று வேகமாகச் சொல்லிப் போகும் நாம் எல்லோரும் ஒரு முறையாவது அந்த ஆய்வைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

1995-ல் ராமன் ஈமேக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமேக்ஸைப் பேச வைக்கும் மென்பொருள். வழக்கமான திரைவாசிப்பான்கள் திரையில் தெரிகிற எழுத்தைப் படிக்கும். நாள்காட்டியில் 12 என்ற எண்ணின் மேல் கர்சர் இருந்தால் 'பன்னிரண்டு' என்று சொல்லும். அது எந்த மாதத்துப் பன்னிரண்டு, என்ன கிழமை என்று கண் உள்ளவர் மேலும் கீழும் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஈமேக்ஸ்பீக் திரையைப் பார்ப்பதில்லை, ஓடுகிற செயலையே கேட்கிறது. அதனால் கிழமை, மாதம், தேதி, ஆண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதை எப்படிச் செய்தார்? ஈமேக்ஸின் ஆயிரக்கணக்கான செயல்களில் ஒன்றைக்கூட அவர் திருத்தி எழுதவில்லை. ஈமேக்ஸுக்காக ஹான்ஸ் சலுப்ஸ்கி என்பவர் எழுதிய 'அட்வைஸ்' என்ற வசதி இருந்தது. 1966-ல் டைடல்மன் பெயர் வைத்த அதே கருத்து, வாசலில் நிறுத்தும் ஆள். 'கீழ் வரிக்குப் போ' என்ற செயல் முடிந்து வெளியே வரும் இடத்தில் ராமன் ஒரு ஆளை நிறுத்தினார். அந்த ஆளின் வேலை, இப்போது வந்து சேர்ந்த வரியை வாய்விட்டுப் படிப்பது. கோப்பைத் திறக்கும் செயலுக்கு ஒரு ஆள், அழிக்கும் செயலுக்கு ஒரு ஆள். சின்னச் சின்ன ஒலிகளும் சேர்த்தார், திறந்தால் ஒரு ஓசை, மூடினால் வேறு ஓசை. பிழை தேடுவதற்காக ஒரு செயலின் வாசலில் நிற்கக் கற்றுக்கொண்ட நுட்பம், ஒரு மனிதருக்குக் கண்ணாக வேலை செய்தது. டைடல்மன் ஆய்வு எழுதியபோது ராமனுக்கு ஒரு வயது.

எடிபக்குக்கும் ஈமேக்ஸ்பீக்கில் தனிப் பகுதி இருக்கிறது. கண் உள்ளவர் அம்புக்குறியைப் பார்க்கும் இடத்தில், ஓட்டம் நின்ற வரி காதில் விழும். இந்த நுட்பங்களை ராமன் 2007-ல் ஓரெய்லி வெளியிட்ட ஒரு தொகுப்பு நூலில் தனிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். டிஜிட்டல், அடோபி, ஐபிஎம் நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 2005-ல் கூகுளில் சேர்ந்தார். எங்கே வேலை பார்த்தாலும் தம் அன்றாட வேலையை ஈமேக்ஸ்பீக்கிலேயே செய்து, தாமே பிழை பிடித்து, முப்பது ஆண்டுகளாகப் புதிய பதிப்புகளை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறார்.

2011-ல் தொடங்கி தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் முதல் சில ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் வாங்கினார்கள். அந்த லினக்ஸ் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்த லேப்டாப் எதுவும் இன்னும் பரணில் கிடந்தால் கீழே இறக்குங்கள். ஈமேக்ஸுக்கு அந்த எந்திரத்தின் வலு தாராளம். நிறுவிய பிறகு கண்ட்ரோலோடு எச், பிறகு தனியாக ஒரு எச் அழுத்துங்கள். உலக மொழிகளில் வரவேற்பு வரிசையாக வரும், அதில் தமிழில் வணக்கமும் இருக்கும். பிறகு மேலே சொன்ன மதிப்பெண் கணக்கை எழுதி, பூஜ்யம் பிறக்கும் அடைப்புக்குறி வரை ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் 'க்யூ' அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.